நகரத்தில் வீடு வாங்குவோரும் விற்போரும் அறிய வேண்டுவன

(சங்கத்தின் வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

கல்விச் சங்கத்தின் விழாவில் வீடு, மனை, பத்திரம் என்று பேசுவது பொருத்தமாகுமா என்று சிலர் எண்ணலாம். பொருத்தமே என்பது நம் கருத்து. நம் முன்னோர் கைநாட்டு வைத்து இழந்த நிலங்கள் எத்தனை என்பதை ஒவ்வொரு குடும்பமும் அறியும். எழுத்தறியாத காரணத்தால் இழந்தார்கள். இன்று நம் பிள்ளைகள் பட்டம் பெற்று, உத்தியோகம் பெற்று, சென்னையிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் வீடு வாங்க முனைகின்றனர். எழுத்தறிந்த பின்னரும் பத்திரத்தைப் படியாமலே கையொப்பமிட்டு இழப்பார்களாயின், நாம் கற்ற கல்வியின் பயன் யாது?

அண்ணல் அம்பேத்கர் வெளிநாட்டில் உயர்கல்வி பயின்று திரும்பி, 1917-ஆம் ஆண்டு பரோடா சமஸ்தானத்தில் பணியேற்கச் சென்றார். அந்நகரில் அவருக்கு ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயரோடு தங்கினார். பதினோராம் நாள் தடியேந்திய கூட்டம் வந்து அவரை வெளியேறச் சொல்லிற்று. அன்று பொதுப் பூங்காவில் அமர்ந்திருந்துவிட்டுப் பம்பாய்க்கு இரயிலேறினார். அதே அண்ணல் 1930-களில் பம்பாய் தாதர் பகுதியில் 'இராஜகிருகம்' என்னும் இல்லத்தை எழுப்பித் தம் நூல்களுக்கெல்லாம் இடமளித்தார். சொந்த வீடு என்பது நமக்கு வெறும் செங்கல்லும் சுண்ணாம்பும் அன்று. நம்மை எவரும் 'எழுந்து போ' என்று சொல்லவொண்ணாத இடம் அது.

ஆனால் அந்த ஆசையிலேயே ஓர் ஆபத்தும் ஒளிந்திருக்கின்றது. நம்மிடம் பயின்ற மாணவர் ஒருவர் அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராகச் சேர்ந்தார். நகரில் மூன்று வாடகை வீடுகள் மாறினார். ஒவ்வோரிடத்திலும் 'தம்பி எந்த ஊர், ஊரில் எந்தத் தெரு' என்ற விசாரணை. மனம் நொந்திருந்த வேளையில் தரகர் ஒருவர் புறநகரில் ஒரு மனையைக் காட்டினார். அவர் சாதி விசாரிக்கவில்லை. 'சார், வாங்க' என்று நாற்காலி போட்டு உபசரித்தார். மாணவர் தாயாரின் நகையையும் சேமநிதிக் கடனையும் சேர்த்துப் பணம் கட்டினார். மனைக்குரியவர் கொடுத்த பவர் பத்திரத்தைக் கொண்டு வேறொருவர் கிரயம் எழுதிக் கொடுத்தார். ஓராண்டு கழித்து இரு பெண்மக்கள் வந்து, 'எங்கள் தந்தை கிரயத்திற்கு எட்டு மாதங்கள் முன்னரே இறந்துவிட்டார்' என்றனர். அதிகாரம் கொடுத்தவர் இறந்தால் பவரும் இறந்துவிடும் என்பது 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்ட விதி. ஆறு ஆண்டுகள் நீதிமன்றம் ஏறி இறங்கி, இறுதியில் அப்பெண்மக்களுக்கு மீண்டும் ஒரு தொகை கொடுத்தே மனையைக் காப்பாற்றிக்கொண்டார். அவர் நம்மிடம் சொன்ன சொல் இது: 'ஐயா, அவர் என்னை ஒரு கேள்வியும் கேட்கவில்லை, அதனால் நானும் அவரை ஒன்றும் கேட்கவில்லை.'

இளைஞர்களே, இச்சொல்லை மனத்திற் கொள்ளுங்கள். அவமதிப்பைக் கண்டு சலித்த நெஞ்சம், மரியாதை கிடைத்த இடத்தில் கேள்வி கேட்கக் கூசுகின்றது. 'கேட்டால் தப்பாக நினைப்பாரோ, வீடு கை தவறிப் போகுமோ' என்று அஞ்சுகின்றது. ஏமாற்றுவோர்க்கு அந்தக் கூச்சமே முதலீடு. பணம் கொடுப்பவர் கேட்பது உரிமை. அதில் மரியாதைக் குறைவு யாதும் இல்லை.

வாங்குமுன் கேட்க வேண்டியவை

முதலாவது, மூலப்பத்திரம். தாய்ப்பத்திரம் என்றும் வழங்குவர். விற்பவர்க்கு அச்சொத்து எவ்வாறு வந்தது, அவர்க்கு விற்றவர்க்கு எவ்வாறு வந்தது என்று குறைந்தது முப்பது ஆண்டுத் தொடர்ச்சியைப் பார்க்க வேண்டும். நகல் போதாது, மூலத்தையே கண்ணால் காண வேண்டும். மூலம் வங்கியிலோ வட்டிக்கடையிலோ அடகில் இருக்கக்கூடும்.

இரண்டாவது, வில்லங்கச் சான்றிதழ். இதனை இக்காலத்தில் பதிவுத்துறையின் இணையதளத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். எனினும் வில்லங்கச் சான்றில் பதிவான ஆவணங்கள் மட்டுமே தோன்றும். பதிவாகாத உயில், வாய்மொழிக் குத்தகை, நடைபெறும் வழக்கு ஆகியவை அதில் தெரியாமற் போகலாம். ஆகவே வில்லங்கம் இல்லை என்ற ஒரு தாளை மட்டும் நம்புதல் கூடாது.

மூன்றாவது, பட்டாவும் புலப்படமும். பத்திரத்தில் உள்ள சர்வே எண், உட்பிரிவு, பரப்பளவு, நான்கெல்லை ஆகியவை பட்டாவோடு ஒத்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. ஒரு சென்ட் 435.6 சதுர அடி. நாடா பிடித்து அளந்து பாருங்கள். நிலம் ஏரி, குளம், வாய்க்கால், மேய்க்கால் புறம்போக்கு அன்று என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள்.

நான்காவது, அங்கீகாரம். மனைப்பிரிவானால் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் அல்லது நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் ஒப்புதல் வேண்டும். அங்கீகாரம் பெறாத மனைகளை வரன்முறை செய்யும் திட்டம் 2017-இல் வந்தது. 2016 அக்டோபர் 20-ஆம் நாளுக்குள் விற்கப்பட்ட மனை உள்ள பிரிவுகளை அது கருத்தில் கொண்டது. 'பின்னர் வாங்கித் தருகிறோம்' என்னும் வாக்குறுதி அங்கீகாரம் ஆகாது.

ஐந்தாவது, வாரிசுகள். உயில் எழுதாது இறந்த தந்தையின் சொந்தச் சொத்தில், 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகனுக்கும் மகளுக்கும் மனைவிக்கும் தாய்க்கும் பங்குண்டு. பரம்பரைச் சொத்தில் பெண்மக்களுக்குத் தமிழ்நாட்டில் 1989-ஆம் ஆண்டுச் சட்டமும், நாடு முழுவதற்கும் 2005-ஆம் ஆண்டுத் திருத்தமும் உரிமை அளித்தன. கிறித்தவக் குடும்பங்களுக்கு 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். 'அக்காள் ஒன்றும் கேட்கமாட்டாள்' என்று விற்பவர் சொன்னால், அந்த அக்காளின் கையொப்பத்தைக் கேளுங்கள். வயது வராத பிள்ளையின் சொத்தைக் காப்பாளர் விற்க நீதிமன்ற அனுமதி தேவை.

பவர் பத்திரத்தின் பேரில் எவரேனும் விற்க வந்தால், அதிகாரம் கொடுத்தவரை நேரில் காணாமல் ஒரு ரூபாயும் கொடுத்தலாகாது. பவர் ஒன்றையே விலைக்கு வாங்குவோரும் உளர். அவ்வாறு வாங்குவதால் உரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் தெளிவாக்கிற்று. கிரய ஒப்பந்தமும் கிரயம் ஆகாது. நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள வீடு, நிலம் பதிவு செய்த கிரயப்பத்திரத்தாலேயே கைமாறும் என்பது 1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம்.

அடுக்குமாடி வீடு வாங்குவோர், 2016-ஆம் ஆண்டு மனைவணிக ஒழுங்குமுறைச் சட்டத்தை அறிதல் வேண்டும். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்திலோ, எட்டு வீடுகளுக்கு மேலோ அமையும் திட்டம் ஆணையத்தில் பதிவு செய்யப்பட வேண்டும். பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் பத்து விழுக்காட்டிற்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது. கட்டுமானக் குறை ஐந்தாண்டுக்குள் தெரிய வந்தால் கட்டியவரே செலவின்றிச் சரிசெய்து தர வேண்டும். உள்ளே நாம் நடமாடும் தளப்பரப்பு எவ்வளவு, நிலத்தில் நமக்குரிய பிரிபடாத பாகம் எத்தனை சதுர அடி என்ற இரண்டையும் எழுத்தில் கேளுங்கள். கட்டடம் பழையதாகும், நிலப்பங்கே நிலைத்து நிற்கும்.

இடத்தை வெயிற்காலத்தில் மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் வேளச்சேரியும் முடிச்சூரும் பட்ட பாட்டை நகரம் மறக்கவில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒருமுறை சென்று, அண்டை வீட்டாரிடம் 'தண்ணீர் எதுவரை வந்தது?' என்று கேளுங்கள்.

பணத்தைப் பற்றி

வீட்டின் விலையோடு செலவு முடிவதில்லை. கிரயப்பத்திரத்திற்குப் பொதுவாக முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு. பதிவுக் கட்டணம் 2023 முதல் 2 விழுக்காடு. முப்பது இலட்சம் ரூபாய் மதிப்பிற்கு இரண்டு இலட்சத்து எழுபதாயிரம் ரூபாயைத் தனியே எடுத்து வைக்க வேண்டும். பத்து இலட்சம் ரூபாய் வரையிலான சொத்தைப் பெண்கள் பெயரில் பதிவு செய்தால், 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் ஒரு விழுக்காடு குறைவு. இல்லத்தரசியின் பெயரில் வாங்குவதற்கு இது மற்றுமொரு காரணம்.

'பத்திரத்தில் குறைத்துப் போடலாம், மீதியைக் கையில் கொடுங்கள்' என்பார்கள். இணங்காதீர்கள். சொத்து விற்பனையில் இருபதாயிரம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடுக்கின்றது. பெற்றவர்க்கு அதே அளவு தண்டம் விதிக்கப்படலாம். குறைத்து எழுதினால் வங்கிக் கடனும் குறையும்; கிரயம் முறிந்தால் கையில் கொடுத்த பணத்திற்குச் சாட்சியும் இராது. அச்சாரம் முதற்கொண்டு அனைத்தையும் வங்கி வழியே கொடுங்கள். ஐம்பது இலட்சம் ரூபாயும் அதற்கு மேலுமான விலையாயின், ஒரு விழுக்காட்டை வரியாகப் பிடித்து அரசுக்குச் செலுத்துவது வாங்குபவர் கடமை.

வங்கிக் கடனில் ஒரு நன்மை உண்டு. வங்கியின் வழக்கறிஞரும் பத்திரங்களைப் பார்ப்பார். ஆனால் அவர் பார்ப்பது வங்கியின் பணத்திற்காக. நமக்கென ஒரு வழக்கறிஞருக்குக் கட்டணம் கொடுத்துக் கருத்துரை பெறுவது வீண் செலவன்று.

விற்போர்க்கு

விற்பவர்க்கும் எச்சரிக்கை தேவை. மூலப்பத்திரத்தைத் தரகரிடம் கொடுத்தனுப்பாதீர்கள்; நகல் போதும். எழுதாத முத்திரைத்தாளில் கையொப்பமிடாதீர்கள். 'அலைச்சல் வேண்டாம், எனக்குப் பவர் கொடுங்கள்' என்பவரிடம் கொடுக்காதீர்கள். முழுத்தொகையும் கணக்கில் சேர்ந்த பின்னரோ, வங்கிக் காசோலையைக் கையில் பெற்ற பின்னரோதான் சார்பதிவாளர் முன் ஒப்புக்கொள்ள வேண்டும். அடமானக் கடன் இருந்தால் அடைத்து, இரசீதுப் பத்திரம் பதிவு செய்து வில்லங்கத்தை நீக்குங்கள். கிரயத்திற்குப் பின் பட்டா, சொத்துவரி, மின்இணைப்பு ஆகியவை வாங்கியவர் பெயருக்கு மாறினவா என்றும் பாருங்கள்.

நம்மவர் சிறப்பாகக் கருத வேண்டியவை இரண்டு. ஒன்று, வாரியக் குடியிருப்பு. 1970-இல் குடிசை மாற்று வாரியமாகத் தோன்றி 2021 முதல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் எனப்படும் அமைப்பு ஒதுக்கிய வீடுகளில் நம் மக்கள் பலர் வாழ்கின்றனர். ஒதுக்கீட்டு ஆணை கிரயப்பத்திரம் அன்று. வாரியம் கிரயம் எழுதித் தருமுன் முத்திரைத்தாளில் எழுதி விற்றால், விற்றவர் வீட்டை இழப்பார். வாங்கியவர் உரிமை பெறார். இருவரும் நம்மவராகவே இருப்பர்.

மற்றொன்று, பஞ்சமி நிலமும் நிபந்தனைப் பட்டாவும். செங்கற்பட்டு ஆட்சியராயிருந்த திரமென்ஹீர் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து 1892-இல் அரசு நம் மக்களுக்கு நிலம் ஒப்படைக்க ஆணையிட்டது. முதற் பத்தாண்டுகள் விற்றலாகாது, பின்னரும் நம் மக்களுக்கன்றிப் பிறர்க்கு மாற்றலாகாது என்பது நிபந்தனை. அவ்வாறிருந்தும் அந்நிலங்களில் பெரும்பகுதி பிறர் கைக்குப் போயிற்று. அவற்றை மீட்கக் கோரிய போராட்டத்தில் 1994 அக்டோபரில் செங்கற்பட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் உயிர் நீத்தனர். இன்று நகரம் அத்திசையிலேயே வளர்கின்றது. தாத்தாவின் பெயரிலுள்ள பழந்தாளைச் 'செல்லாத தாள்' என்று எவரேனும் சொல்லிச் சிறுதொகைக்குக் கேட்டால் கொடுத்துவிடாதீர்கள். செல்லாத தாளை எவரும் விலைக்குக் கேட்கமாட்டார். புறநகரில் மனை வாங்குவோரும் கிராமக் கணக்கின் 'அ' பதிவேட்டில் அந்நிலம் எவ்வாறு பதிவாகியுள்ளது என்பதைப் பார்த்தே வாங்க வேண்டும். நம் முன்னோர் இழந்த நிலத்தையே நாம் அறியாமல் விலை கொடுத்து வாங்கும் நிலை வரலாகாது.

முடிவாக ஒரு வேண்டுகோள். இச்சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளாக நம் பிள்ளைகளைத் தேர்வெழுத வைத்தது. இனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நம் சமூகத்து வழக்கறிஞர் ஒருவரும் வருவாய்த்துறை, பதிவுத்துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர் ஒருவரும் சங்கக் கட்டடத்தில் அமரட்டும். வீடு வாங்கவோ விற்கவோ எண்ணுபவர் முன்பணம் கொடுக்குமுன் தம் தாள்களைக் கொண்டு வந்து காட்டட்டும். இளைஞர்கள் அருகிருந்து வாசித்துப் பழகட்டும். ஒரு நாற்காலியும் ஒரு மேசையும் தவிர இதற்கு வேறு செலவில்லை. ஒரு குடும்பத்தின் சேமிப்பு காப்பாற்றப்பட்டாலும் அது நாம் கொடுத்த உபகாரச் சம்பளங்கள் பலவற்றிற்கு ஈடாகும்.

முன்பு சொன்ன நம் மாணவர் இன்று அம்மனையில் இரண்டு அறை கட்டிக் குடியிருக்கின்றார். முதல் ஞாயிற்றுக்கிழமை தம் வழக்குக் கட்டினை எடுத்து வந்து, எங்கே தவறினோம் என்று இளைஞர்களுக்குத் தாமே விளக்குவதாகச் சொல்லியிருக்கின்றார். அவர் வருவார், நீங்களும் வாருங்கள்.