கூட்டத்துக்காகக் கட்டிய பாட்டு



இன்று ஒரே ஒரு பாட்டைப் பற்றிப் பேசப்போகிறேன். 1973 பிப்ரவரியில் இங்கிலாந்தில் வெளிவந்த 'கம் ஆன் ஃபீல் தி நாய்ஸ்'. பாடியது ஸ்லேட் என்ற நால்வர் குழு. வெறும் கூச்சல் என்று பலர் ஒதுக்கிவிடும் ரகத்துப் பாட்டு இது. அந்தக் கூச்சலுக்குள் எத்தனை கவனமான வேலைப்பாடு இருக்கிறது என்று சொல்லவே வந்திருக்கிறேன்.

1970களின் தொடக்கத்தில் ராக் இசையின் ஒரு பகுதி மிகவும் கனத்துப்போயிருந்தது. நீண்ட கிட்டார் வாசிப்புகள், இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதையும் எடுத்துக்கொள்ளும் ஒற்றைப் பாட்டு, அசையாமல் உட்கார்ந்து கேட்கும் ரசிகர்கள். இதற்கு நேர் எதிராகப் புறப்பட்டதுதான் கிளாம் ராக். மினுங்கும் உடை, முகத்தில் ஜிகினா, உயரமான அடிப்பாகம் வைத்த காலணி, சில நிமிடங்களில் முடிந்துவிடும் பாட்டு. டீ ரெக்ஸ் குழுவின் மார்க் போலனும் டேவிட் போவியும் இந்த இசைக்கு ஒரு மாய அழகைத் தந்தார்கள்.

ஸ்லேட் தந்தது வேறு. இங்கிலாந்தின் நடுப்பகுதியில், வால்வர்ஹாம்ப்டன், வால்சால் வட்டாரத்துத் தொழிற்சாலை ஊர்களில் வளர்ந்தவர்கள் அவர்கள். பாடகர் நாடி ஹோல்டர், கிட்டார் டேவ் ஹில், பேஸ் கிட்டார் ஜிம் லீ, டிரம்ஸ் டான் பவல். கிட்டார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸை உலகறியச் செய்த சாஸ் சாண்ட்லர்தான் இவர்களுக்கும் மேலாளர். புகழ் வருவதற்கு முன்பே பல ஆண்டுகள் சிறிய அரங்குகளில் வாசித்துப் பழகியதால், கூட்டத்தின் நாடி இவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஹோல்டர் வட்டக் கண்ணாடிகள் பதித்த உயரத் தொப்பியுடன் மேடையேறுவார். விளக்கொளி அதில் பட்டுத் திரும்பிக் கூட்டத்தின் மேலேயே சிதறும்.

பாட்டு பிறந்ததும் கூட்டத்திலிருந்துதான். 1972இல் ஒரு கச்சேரியில் ரசிகர்கள் எழுப்பிய ஆரவாரம் தம் நெஞ்சுக்குள் அதிர்ந்ததை ஹோல்டர் உணர்ந்தார். சத்தத்தைக் காதால் கேட்பதைவிட உடம்பால் உணர்வது பெரிது என்ற அந்த அனுபவமே பாட்டின் கரு.

இனி, அதன் கட்டுமானம். பவலின் டிரம்ஸ் நடை கனமானது, நேரானது. அதில் நுணுக்கம் காட்டும் ஆசையே கிடையாது. முதல்முறை கேட்பவருக்கும் எங்கே கை தட்டுவது, எங்கே காலை ஓங்கி மிதிப்பது என்று தெரிந்துவிடும். பல்லவியின் மெட்டு குறுகிய எல்லைக்குள் ஏறி இறங்குவதால், பாடத் தெரியாதவரும் சேர்ந்துகொள்ளலாம். அதற்கு மேலே ஹோல்டரின் கரகரத்த உச்சக்குரல், எத்தனை பேர் கத்தினாலும் அமுங்காத குரல். கீழே ஜிம் லீயின் பேஸ் தாளத்தை மட்டும் தாங்கி நிற்காமல் தனக்கென்று ஒரு மெட்டோடு நகர்கிறது. லீ இளமையில் வயலின் கற்று, இளைஞர் இசைக்குழு ஒன்றில் வாசித்தவர். எளிமை தெரிய வேண்டும் என்று முடிவு செய்து அதை உழைத்து உண்டாக்கிய இசையறிவு அவருடையது.

சரணத்தில் இன்னொரு துணிச்சலும் உண்டு. தம் குரலையும் போக்கையும் குறை சொல்பவர்களைப் பாடகர் நேருக்கு நேர் விளித்துப் பேசுகிறார். விமர்சனம் சரணத்திலேயே வந்துவிடுகிறது. அதற்குப் பதிலாகப் பல்லவியில் கூட்டம் பாடுகிறது. வரிகளில் கவித்துவம் தேடினால் கிடைக்காது. ஆனால் கேள்வியைப் பாடகரிடமும் பதிலைக் கூட்டத்திடமும் கொடுத்த அந்த அமைப்பு அசலான கற்பனை.

வரவேற்பு எப்படி இருந்தது? பொதுவாக ஒரு பாட்டு விற்பனைப் பட்டியலில் படிப்படியாகத்தான் மேலேறும். இது வந்த வாரமே பிரிட்டனில் முதலிடத்தில் நுழைந்தது. 1969இல் பீட்டில்ஸின் 'கெட் பேக்' பாட்டுக்குப் பிறகு இப்படி நடந்தது இதுவே முதல்முறை. நான்கு வாரம் அங்கேயே இருந்தது. ஸ்லேட் தம் பாட்டுத் தலைப்புகளின் ஆங்கில எழுத்துகளை வேண்டுமென்றே பிழையாக எழுதியதால் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்று ஆசிரியர்கள் முறையிட்டார்கள். பிள்ளைகள் இசைத்தட்டுகளை வாங்கிக்கொண்டே இருந்தார்கள்.

அமெரிக்காவில் நிலைமை தலைகீழ். பில்போர்டு பட்டியலில் 98ஆம் இடம், அவ்வளவுதான். பத்து ஆண்டு கழித்து, 1983இல், லாஸ் ஏஞ்சல்ஸின் க்வையட் ரயட் குழு அதே பாட்டை எடுத்துப் பாடியது. அவர்களுக்கு முதலில் அதில் விருப்பமே இல்லை. ஆனால் எம்டிவி என்ற இசை அலைவரிசை அதைத் தொலைக்காட்சி வழியே வீடுவீடாகக் கொண்டுசேர்த்தது. பாட்டு 5ஆம் இடம் வரை போனது. அது இடம்பெற்ற 'மெட்டல் ஹெல்த்' தொகுப்பு அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. ஹெவி மெட்டல் தொகுப்பு ஒன்று அந்த உயரத்தைத் தொட்டது அதற்கு முன் நடக்காதது. 1996இல் இங்கிலாந்தின் ஒயாசிஸ் குழுவும் இதைப் பாடிப் பதிவு செய்தது.

மூன்று தலைமுறை, மூன்று குழுக்கள், இரண்டு கண்டங்கள். வெறும் ஜிகினாவில் நின்ற பாட்டாக இருந்திருந்தால் அந்த உடைகளோடு அதுவும் பழசாகியிருக்கும். கேட்பவரையும் பாட்டின் ஒரு பகுதியாக வைத்துக் கட்டியதால்தான் அது தாங்கி நின்றது. பலரைச் சேர்ந்து பாடவைப்பது, தனியாக ஒருவர் அழகாகப் பாடுவதற்குச் சற்றும் குறையாத கலை என்பது என் உறுதியான கருத்து.

நேயர்களே, 1973இன் பதிவையும் 1983இன் பதிவையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். இரண்டாவதில் கிட்டாரின் வலிமை கூடுதல். முதலாவதில் பேஸ் கிட்டாரை மட்டும் ஒருமுறை தொடர்ந்து போய்ப் பாருங்கள். இத்தனை ஆரவாரத்துக்கு அடியில் எத்தனை நிதானமாக ஒரு இசைக்கலைஞர் வேலை செய்திருக்கிறார் என்பது உங்களுக்கே புலப்படும்.