பதினேழாம் நாள்



ஒரு வீட்டில் மரணம் நேர்ந்துவிட்டால், அடுப்பு மூட்டாத அந்த வீட்டுக்கு அக்கம்பக்கத்தார் சோறாக்கிக் கொண்டுவருவதும், உற்றார் திரண்டு துக்கம் விசாரிப்பதும், பதினாறாம் நாள் காரியம் முடிகிறவரை யாரேனும் இருவர் திண்ணையில் துணையிருப்பதும், எவரும் போதிக்காமலே நம்மிடையே நடந்துவருகிற தர்மங்கள். ஆனால் பந்தலைப் பிரித்து, வெளியூர் உறவினர் பஸ் ஏறிப் போனபின், பதினேழாம் நாள் காலையில் புத்தகப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் புறப்படுகிற குழந்தையை நினைப்பவர் சிலரே. பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் கடமை அன்றைக்குத்தான் ஆரம்பமாகிறது என்பதே இன்று நான் செய்துகொள்ளும் விண்ணப்பம்.

சில வருஷங்களுக்கு முன், நான் அங்கம் வகித்த ஒரு கழகத்தில், தகப்பனாரை இழந்த நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்திக்காக நிதி திரட்டி, காலை வணக்கக் கூட்டத்தில் அவளை மேடையேற்றி உறையைக் கையில் கொடுத்தோம். அதன்பின் ஒரு வாரம் அவள் தன் மதிப்பெண் அட்டையைப் பையின் அடியிலேயே மடித்து வைத்திருந்தாள் என்று வகுப்பாசிரியை சொன்னபோதுதான் எங்களுக்கு உறைத்தது. ‘தந்தையின் கையொப்பம்’ என்று அச்சிட்ட கோட்டின்மேல் யார் எழுதுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. கேட்டால் அம்மா அழுவாள் என்பது மட்டும் தெரிந்திருந்தது. பணம் திரட்டத் தெரிந்த எங்களுக்கு அந்த ஒரு வரியை மாற்றத் தோன்றவில்லை.

ஆகவே, முதலில் செய்யத்தக்கது குடும்பத்தாரைக் கேட்பது. நாற்பது பேர் நாற்பது முறை கதவைத் தட்டாமல், அவர்களுக்குப் பழக்கமான ஒருவர் மட்டும் சென்று, என்ன வேண்டும், எதைப் பிள்ளைகளிடம் சொல்லலாம் என்று அறிந்துவருவது உத்தமம். அவர்கள் சம்மதித்தபின், அந்தக் குழந்தை திரும்புமுன்பே வகுப்பாசிரியர் மற்றப் பிள்ளைகளிடம் ‘அவளுடைய அப்பா இறந்துவிட்டார்’ என்று நேராகச் சொல்லிவிட வேண்டும். ‘ஊருக்குப் போயிருக்கிறார்’, ‘தூங்குகிறார்’ என்று கருணையால் சொல்லும் வார்த்தைகள், மரணம் மீளாதது என்பதை இன்னும் உணராத பிஞ்சு மனத்தில் வீண் எதிர்பார்ப்பையும், சில வேளைகளில் தூக்கத்தின்மீதே பயத்தையும் விதைத்துவிடும்.

அடுத்தது அன்றாடம். காலையில் அழைத்துவர ஒருவர், மாலையில் கொண்டுபோய்விட ஒருவர், மதியச் சோற்றுக்கு இன்ன கிழமை இன்னார் என்று முறை வைத்துக்கொண்டால், யாருக்கும் பாரமில்லை. தம் பிள்ளைக்குக் கட்டிய அதே புளிசாதத்தை அதே அளவில் இன்னொரு டப்பாவிலும் கட்டுவதே அழகு. விசேஷமாகச் செய்து கொடுத்தால் அது இரக்கத்தின் அடையாளமாகிக் குழந்தையைத் தனிமைப்படுத்தும்.

காகித வேலையும் பெரிய உபகாரம். மரணத்தை 21 நாட்களுக்குள் பதிவு செய்யவும், தாசில்தார் அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழ் பெறவும், விவரம் அறிந்த பெற்றோர் ஒருவர் உடன்செல்லலாம். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் படிக்கும் பிள்ளையின், வருவாய் ஈட்டும் தாயோ தந்தையோ விபத்தில் மாண்டால், 75,000 ரூபாய் உதவி வழங்கும் திட்டம் இருக்கிறது. துயரத்தில் ஆழ்ந்த தாய் அதைத் தேடி அலையலாகாது, தலைமையாசிரியரும் கழகமுமே அவளைத் தேடிச் செல்ல வேண்டும். கழகம் தருகிற பணத்தையும் மேடையில் அல்ல, வீட்டில், பிள்ளையின் கண்ணில் படாமல் தருவதே மரியாதை.

கடைசியாக, ஒரு வருஷ காலம் மறவாதிருப்பது. தீபாவளி கொண்டாடாத அந்த வீடும், ஆண்டு விழாவில் காலியாக இருக்கும் நாற்காலியும், முதல் திதி வரும் நாளும் நம் நினைவில் இருந்தால், அன்றைக்கு ஒருவர் போய்ச் சற்று நேரம் உட்கார்ந்துவிட்டு வரலாம். பேச வேண்டுமென்பதுகூட இல்லை.

மறுவருஷம் எங்கள் பள்ளியில் அச்சான அட்டையில் ‘பெற்றோர் அல்லது காப்பாளர்’ என்றிருந்தது. அந்தச் சிறுமி அதை வாங்கிய அன்று மாலையே தாயிடம் நீட்டினாள்.