பழைய லாரிக்கு ஏற்ற பம்பு



தாயகத்தை விட்டு வேற்று மாநிலங்களில் வாழும் தமிழர்களாகிய நமக்கு இரண்டு மொழிகள் வேண்டியிருக்கின்றன. ஒன்று வீட்டுக்கு, மற்றொன்று கடைத்தெருவுக்கு. வீட்டு மொழியில் பிழை நேர்ந்தால் அது சிரிப்போடு போய்விடும். கடைத்தெரு மொழியில் பிழை நேர்ந்தால் பணம் போகும். சில வேளைகளில் பிழைப்பே ஆட்டம் காணும். மொழிபெயர்ப்பையே அலுவலாகக் கொண்ட நமக்கு இவ்வுண்மையைக் கற்பித்தது ஒரு நூலன்று. ஒரு பழைய லாரியின் டீசல் பம்பு.

நாமக்கல்லையும் நாகபுரியையும் ஒரே சாலை இணைக்கிறது. ஸ்ரீநகரையும் கன்னியாகுமரியையும் சேர்க்கும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையே அது. சேலத்து ஜவ்வரிசி அச்சாலை வழியாகத்தான் வடக்கே போகிறது. மராட்டியத்திலும் மத்தியப் பிரதேசத்திலும் நவராத்திரி விரதம் இருப்போர் தானிய உணவை விலக்கி ஜவ்வரிசிக் கிச்சடி உண்பர். ஆதலின் விரதம் தொடங்குமுன் சரக்கு போய்ச் சேரவேண்டும் என்பதில் வணிகர்கள் கண்டிப்பாக இருப்பார்கள்.

நாமக்கல்லைச் சேர்ந்த அன்பர் ஒருவர் இத்தொழிலில் ஈடுபட்டிருப்பவர். அவருக்கு இருப்பது ஒரே லாரி. அதை ஓட்டுபவரும் அவரே. 20 ஆண்டுகளைக் கடந்த 6 சிலிண்டர் டாட்டா வண்டி அது. நாகபுரி வழியாகச் செல்லும்போதெல்லாம் நம் இல்லத்திற்கு வந்து, ஒரு வாய் மோர் அருந்திவிட்டுப் போவது அவர் வழக்கம். ஒரு புரட்டாசி மாதத்தில், ஜவ்வரிசிப் பாரத்துடன் வந்துகொண்டிருந்த அவருடைய வண்டி ஏற்றங்களில் இழுவை குன்றித் திணறியது. வழியில் பார்த்த மெக்கானிக், பம்பு போய்விட்டது என்று ஒரே சொல்லில் தீர்ப்பளித்துவிட்டார். அன்பரும் பழைய உதிரி உறுப்புகள் விற்கும் கடை ஒன்றை நாடினார். சரக்கை ஏற்றவும் இறக்கவும் போதுமான அளவுக்கே அவருக்கு இந்தி தெரியும். ஆகவே தொலைபேசியில் நம்மை அழைத்தார். நாம் அலுவலகத்தில் கோப்பு ஒன்றில் மூழ்கியிருந்தோம்.

கடைக்காரர், “நயா ஜைஸா ஹை, சல் ஜாயேகா” என்றார். நாம், “புதியது மாதிரியே இருக்கிறதாம், நன்றாக ஓடுமாம்” என்று தமிழில் சொன்னோம். அன்பர் பணத்தைக் கொடுத்தார். தம் வண்டியின் பழைய பம்பையும் மாற்றாகக் கொடுத்துவிட்டு, பளபளக்கும் பெயின்ட் பூசிய அந்தப் பம்பைப் பூட்டிக்கொண்டு புறப்பட்டார்.

மறுநாள் இரவு, சிவனி நகருக்குத் தெற்கே, பெஞ்சு வனத்தை அடுத்த மலைப்பாதையில் வண்டி நின்றது. சூடேறியிருந்த எஞ்சின் எத்தனை முறை முயன்றும் உயிர் பெறவில்லை. பின்னால் வந்த லாரி ஓட்டுநர் ஒருவர், ஈரச் சாக்கைப் பம்பின் மேல் போர்த்துமாறு கூறினார். அவ்வாறு செய்து அரை மணி கழித்ததும் எஞ்சின் ஓடியது. ஆனால் அடுத்த நிறுத்தத்தில் மீண்டும் அதே கதை. இப்படி இரண்டு இரவுகள் கழிந்தன. விரதம் தொடங்கிய பின்னரே சரக்கு இறங்கியது. வாடகையில் ஒரு பகுதியை வணிகர் பிடித்துக்கொண்டார். அம்மாத வண்டிக் கடன் தவணை தவறிப்போயிற்று.

திரும்பி வந்த அன்பர் நம்மைக் கடிந்துகொள்ளவில்லை. மோரை அருந்திவிட்டு மெதுவாகக் கேட்டார்: “ஏனுங்க ஐயா, அந்தக் கடைக்காரர் நல்லா ஓடும்னு சொன்னாருங்களா, எப்படியோ ஓடிப்போகும்னு சொன்னாருங்களா?”

நேயர்களே, நமக்கு மறுமொழி கூற நா எழவில்லை. ‘சல் ஜாயேகா’ என்பதற்கு ‘ஒருவாறு சமாளித்துவிடும்’ என்பதே பொருள். ‘நயா ஜைஸா’ என்பது ‘புதியது’ அன்று, ‘புதியது போன்றது’. கடைக்காரர் பொய் சொல்லவில்லை. பிழை செய்தவர்கள் நாமே. ஆகவே அப்பிழையைத் திருத்தும் பொறுப்பும் நம்முடையதாயிற்று.

இனி, அந்தப் பம்பு செய்யும் தொழில் யாதெனப் பார்ப்போம். பழைய டீசல் லாரியில் பம்பு என்ற பெயரில் இரண்டு கருவிகள் உள்ளன. ஒன்று ஃபீட் பம்பு. டாங்கியிலிருந்து டீசலை உறிஞ்சி, பில்டர் வழியாக முன்னே தள்ளுவது இதன் வேலை. உருவில் சிறியது, விலையும் குறைவு. மற்றொன்று பெரிய பம்பு. சிலிண்டருக்கு ஒன்று வீதம் ஆறு பிளஞ்சர்கள் அதனுள் வரிசையாக நிற்கின்றன. உரலும் உலக்கையும் போல ஒவ்வொரு பிளஞ்சரும் தனக்குரிய குழலில் ஏறி இறங்கி, டீசலை மிகுந்த அழுத்தத்துடன் நாஸிலுக்கு அனுப்புகிறது. பிளஞ்சருக்கும் குழலுக்கும் இடையே உள்ள வெளி ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்கே. மனிதரின் தலைமயிர் இதைவிட ஏறத்தாழ இருபது மடங்கு தடிப்பானது. தேய்மானத்தால் இவ்வெளி சிறிது அகன்றாலும் டீசல் பின்னோக்கிக் கசியும். சூட்டில் டீசல் மேலும் நீர்த்துப் போவதால் கசிவு மிகும். குளிர்ந்த காலையில் ஓடிய எஞ்சின் மலைப்பாதையில் சூடேறி நின்றபின் கிளம்ப மறுத்ததும், ஈரச் சாக்கு அதற்கு உயிர் கொடுத்ததும் இக்காரணத்தாலேயே.

இவ்வகைப் பம்பை ஜெர்மனியில் ராபர்ட் பாஷ் நிறுவனம் 1927-ஆம் ஆண்டில் பெருமளவில் உற்பத்தி செய்யத் தொடங்கியது. நம் நாட்டில் அதன் துணையோடு 1951-இல் மைக்கோ நிறுவனம் தோன்றியது. 1954-இல் டாட்டா நிறுவனம் ஜெர்மானிய டெய்ம்லர் பென்ஸ் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து லாரிகளைச் செய்ய முற்பட்டது. மைக்கோவின் பெயர் 2008-இல் பாஷ் என்று மாறிய பின்னரும், ஓட்டுநர்கள் வாயில் இன்றளவும் அது ‘மைக்கோ பம்பு’தான்.

ஆனால் காலம் மாறிவிட்டது. 2017 ஏப்ரல் முதல் நாடெங்கும் ‘பாரத் ஸ்டேஜ் 4’ என்னும் புகைக் கட்டுப்பாடும், 2020 ஏப்ரல் முதல் ‘பாரத் ஸ்டேஜ் 6’ கட்டுப்பாடும் நடைமுறைக்கு வந்தன. புதிய லாரிகளில் மின்னணுக் கட்டுப்பாட்டில் இயங்கும் வேறு வகை அமைப்புகள் இடம்பெற்றன. ஆகவே வரிசைப் பிளஞ்சர் பம்பைத் தேடுவோர் பெரும்பாலும் பழைய வண்டிக்காரர்களே. தேவை இருந்தும் வரத்து குறையும் இடத்தில்தான் பெயின்டுக்கு வேலை வருகிறது.

அன்பரும் நாமும் அந்தக் கடைக்கு மீண்டும் சென்றோம். அவருடைய பழைய பம்பு இன்னும் விற்கப்படாமல் ஒரு குவியலில் கிடந்தது. தம் கையால் முறுக்கிய கம்பியைக் கொண்டு அவர் அதை அடையாளம் கண்டார். அதன் பக்கவாட்டில், எண்ணெய்ப் பிசுக்கின் அடியில், ஒரு சிறு உலோகத் தகடு இருந்தது. கடைக்காரர் தந்த பம்பிலோ தகடு இருந்த இடத்தில் இரண்டு துளைகள் மட்டுமே இருந்தன. மேலே பெயின்ட் பூசியிருந்ததால் அன்று அவை கண்ணில் படவில்லை.

அந்தத் தகட்டில் உள்ள எழுத்துகளும் ஒரு மொழியே. ‘பி.இ.எஸ். 6 ஏ 90’ என்று தொடங்கும் ஒரு வரியை எடுத்துக்கொள்வோம். ‘பி’ என்றால் பம்பு. ‘இ’ என்றால் தனக்கெனக் கேம் தண்டு உடையது. ‘எஸ்’ என்றால் முன்முகத் தட்டின் வாயிலாக எஞ்சினோடு பிணைக்கப்படுவது. ‘6’ சிலிண்டர்களின் எண்ணிக்கை. ‘ஏ’ பம்பின் பருமனைக் குறிப்பது. ‘90’ என்பது பிளஞ்சரின் விட்டம் 9 மில்லிமீட்டர் எனக் காட்டுவது. பின்னால் வரும் ‘ஆர்’ வலச்சுழற்சியைக் குறிக்கும். ஜெர்மன் மொழியில் ‘ரெக்ட்ஸ்’ என்றால் வலம். ‘எல்’ என்று இருந்தால் ‘லிங்க்ஸ்’, அதாவது இடம். பிற்காலத்துப் பம்புகளில் இதனோடு 10 இலக்க எண் ஒன்றும் காணப்படும். இம்மொழியில் ‘போன்றது’ என்ற சொல்லுக்கு இடமே இல்லை. உருவத்தில் இரட்டைப் பிள்ளைகள் போலிருக்கும் இரு பம்புகளில் ஒன்று டர்போ பொருத்திய எஞ்சினுக்கும் மற்றொன்று டர்போ இல்லாத எஞ்சினுக்கும் உரியவையாக இருக்கலாம். திருகாணிகள் பொருந்தும், டீசலின் அளவு பொருந்தாது. அளவு மிகுந்தால் கரும்புகையும் வீண் செலவும் எஞ்சினுக்குக் கேடும் வரும். குறைந்தால் இழுவை போகும்.

நீண்ட பேச்சுக்குப் பின் கடைக்காரர் பழைய பம்பைத் திருப்பித் தந்தார். பணத்தைத் தரவில்லை. கேட்பதற்கு நம்மிடம் ரசீதும் இல்லை.

இரு பம்புகளையும் காலிப்ரேஷன் பட்டறைக்கு எடுத்துச் சென்றோம். அங்கே சோதனை மேடை ஒன்று உண்டு. மின்மோட்டார் பம்பைச் சுழற்ற, ஆறு வழிகளிலும் வெளிவரும் டீசல் கோடிட்ட ஆறு கண்ணாடிக் குழல்களில் விழுகிறது. எஞ்சினைக் கிளப்பும் வேகத்திலும், மெதுவான ஓட்டத்திலும், முழு வேகத்திலும் எவ்வளவு டீசல் விழவேண்டும் என்பதற்கு ஒவ்வொரு பம்பு எண்ணுக்கும் தனி அட்டவணை உள்ளது. பெயின்ட் பூசிய பம்பில் ஆறு குழல்களும் ஆறு உயரத்தில் நின்றன. கிளப்பும் வேகத்தில் இரண்டு குழல்கள் ஏறத்தாழ வெறுமையாகவே இருந்தன. அன்பரின் பழைய பம்பைச் சுழற்றினார் பட்டறைக்காரர். ஆறும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நின்றன!

அப்படியானால் முதலில் இழுவை குறைந்தது எதனால்? அதனோடு ஒட்டியிருந்த சிறு ஃபீட் பம்பின் வால்வுகள் தேய்ந்திருந்தன. டாங்கியிலிருந்து வரும் குழாயின் இணைப்பு ஒன்று தளர்ந்து காற்றை உறிஞ்சியது. ஏற்றத்தில் டீசல் மிகுதியாகத் தேவைப்படும் வேளையில் பெரிய பம்பு பட்டினி கிடந்திருக்கிறது. குற்றமற்றவரைத் தண்டித்து, குற்றவாளியை வீட்டில் வைத்திருந்தோம். புதிய ஃபீட் பம்பு, இரண்டு வாஷர்கள், புதிய ரப்பர் வளையங்கள் ஆகியவற்றோடு வேலை முடிந்தது.

இவ்வனுபவத்திலிருந்து நாம் கற்றவற்றை, லாரித் தொழிலில் ஈடுபட்டுள்ள நேயர்களுக்குச் சுருங்கச் சொல்ல விழைகிறோம்.

முதலாவது, பம்பைக் குறைகூறுமுன் டாங்கி வலை, பில்டர், குழாய் இணைப்புகள், ஃபீட் பம்பு ஆகியவற்றை வரிசையாகப் பார்த்துவிட வேண்டும். உறிஞ்சும் குழாயில் ஒரு சாண் அளவு ஒளி ஊடுருவும் குழாயைப் பொருத்தினால் காற்றுக் குமிழிகள் தாமே சாட்சி சொல்லும்.

இரண்டாவது, தகடு இல்லாத பம்பை வாங்கலாகாது. நம் வண்டியின் தகட்டைத் துடைத்து, அதிலுள்ள ஒவ்வோர் எழுத்தையும் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். “இந்த வண்டிக்கு ஒரு பம்பு” என்று கேட்பதை விடுத்து, “இந்த எண்ணுள்ள பம்பு” என்று கேட்க வேண்டும். எண்ணைக் கேட்பதற்கு எந்த மொழியும் தெரியவேண்டியதில்லை.

மூன்றாவது, சோதனை மேடையின் அளவுத்தாள் இல்லாமல் பழுது பார்த்த பம்பை ஏற்கலாகாது. உறுதியான கூடுடைய நம் சொந்தப் பம்பை, தக்க பட்டறையில் பிளஞ்சர்களை மாற்றிச் செப்பனிட்டுக்கொள்வது, ஊர் பேர் தெரியாத பம்பை வாங்குவதினும் பெரும்பாலும் மேலானது. அதுவரை பழையதை எவரிடமும் மாற்றாகக் கொடுத்துவிடக் கூடாது.

நான்காவது, இன்றைய டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் இல்லை. கந்தகத்தை நீக்கும்போது டீசலின் இயல்பான வழவழப்பும் குறைவதால், சுத்திகரிப்பு ஆலைகளில் அதனை ஈடுசெய்யும் பொருள் சேர்க்கப்படுகிறது. பிளஞ்சர்களுக்கு டீசலே மசகு. அதில் மண்ணெண்ணெயைக் கலந்தால் வழவழப்புக் குன்றிப் பம்பு விரைவில் தேயும். ரப்பர் வளையங்களையும் இன்றைய டீசலுக்கு ஏற்றவையாகக் கேட்டு வாங்க வேண்டும். பழைய டீசலில் ஊறிய வளையங்கள் சுருங்கிக் கசிவதுண்டு.

ஐந்தாவது, ரசீது. லாரி வணிகத்துக்குரிய பொருளாயிற்றே, நுகர்வோர் சட்டம் நமக்கு உதவுமோ என்று பலர் தயங்குவர். தம் உழைப்பால் தாமே பிழைப்பு நடத்துவதற்கென்று மட்டும் ஒரு பொருளை வாங்குபவர் நுகர்வோரே என 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் கூறுகிறது. சொந்த லாரியைத் தாமே ஓட்டுபவர் இவ்விளக்கத்தின் துணையை நாடலாம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே முறையிடலாம். ஆயினும் ரசீது இல்லாத வழக்கு தகடு இல்லாத பம்பைப் போன்றது.

அன்பரின் லாரி இப்போதும் அதே பழைய பம்போடு ஓடுகிறது. அவர் இப்போதும் நம் இல்லத்திற்கு வந்து மோர் அருந்துகிறார். கடைத்தெருவில் ஐயம் எழுந்தால் இப்போதும் நம்மையே அழைக்கிறார். அந்நம்பிக்கைதான் நம்மை உறுத்துகிறது. இப்போதெல்லாம் கடைக்காரர் சொன்னதைத் தமிழில் சொல்வதற்கு முன், அவரிடமே மற்றொரு முறை கேட்கிறோம்: “ஓடுமா, ஓடிவிடுமா?” அக்கேள்விக்குப் பின் கடைக்காரர் எத்தனை நேரம் மௌனமாக இருக்கிறார் என்பதையும் சேர்த்தே மொழிபெயர்க்கிறோம்.