பாட்டும் பாத்தியதையும்

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



சென்ற ஆண்டு நம் மலரில் ஓர் எழுத்தாளரின் சிறுகதையை, அவரைக் கேளாமலே வெளியிட்டோம். அவர் மனம் வருந்திக் கடிதம் எழுதினார். மலர்க்குழுவினனாகிய எனக்கும் அப்பிழையில் பங்குண்டு. "தமிழ்த் தொண்டுதானே செய்தோம்!" என்று முதலில் எண்ணினேன். அது தகாது என்று உணர்ந்தமையால், பதிப்புரிமை பற்றிச் சில சொல்ல முற்படுகிறேன்.

ரயில்வே பார்சல் ஆபீசில், ரசீதைக் கொண்டுவருபவரிடமே பொருளை ஒப்படைப்போம். பதிப்புரிமையும் ஏறத்தாழ அத்தகையதே. அது படைத்தவரிடம் பிறக்கிறது; விற்றுவிட்டால் பிறர் கைக்குப் போய்விடுகிறது.

மகாகவி பாரதியார் 1921ஆம் ஆண்டு மறைந்தார். அவருடைய பாடல்களை இசைத்தட்டிலும் திரையிலும் பயன்படுத்தும் உரிமை, கைமாறி ஏ. வி. மெய்யப்பச் செட்டியாரை அடைந்தது. டி. கே. எஸ். சகோதரர்கள் தம் 'பில்ஹணன்' படத்தில் பாரதி பாடலைச் சேர்த்தபோது ஆட்சேபம் எழுந்தது. தமிழகம் முழுதும் குரல் எழுப்பிற்று. 1949இல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் அரசு உரிமையை ஏற்றது. செட்டியார் பணம் பெறாமலே விட்டுக்கொடுத்தார். கவியின் குடும்பத்தார்க்கு அரசு பணம் அளித்தது. 1955இல் அப்பாடல்கள் மக்களின் பொதுச்சொத்தாயின. சட்டத்தின் கெடுவுக்குக் காத்திருந்தால் 1971 வரை பொறுத்திருக்க வேண்டும்! இன்று நம் குழந்தைகள் தடையின்றிப் பாரதி பாட்டைப் பாடுவது இவ்வாறு கிடைத்த பேறு.

மற்றையோர் படைப்புக்களின் நிலை வேறு. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957இல் இயற்றப்பெற்றது. ஆசிரியர் மறைந்தபின் 50 ஆண்டுகள் என்றிருந்த காலம், 1992இல் 60 ஆண்டுகளாயிற்று. 1886இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் உருவான உடன்படிக்கையில் இந்தியாவும் சேர்ந்திருப்பதால், அயல்நாட்டார் நூல்களுக்கும் இங்கே காப்புண்டு.

நம்போன்ற அமெச்சூர் மன்றங்கள் கட்டணமின்றி நாடகம் நடிக்கச் சட்டம் இடந்தருகிறது. ஆயின், மேடைக்குத் தந்த சலுகை அச்சுக்கு ஆகாது. விளம்பரம் பெற்று வெளியிடும் மலரில் பிறர் கதையைச் சேர்க்க, உரியவர் இசைவு வேண்டும்.

ஆதலின், இவ்வாண்டு ஒவ்வோர் ஆசிரியருக்கும் முன்னதாகவே எழுதினோம். பலர் மனமுவந்து இசைந்தனர். விடை வாராத ஒரு கதையை விட்டுவிட்டோம். சென்ற ஆண்டு வருந்திய அன்பருக்கு மன்னிப்புக் கோரி எழுதினோம். அவரே இம்மலருக்குப் புதிய கதையொன்று அனுப்பியுள்ளார்.

பெங்களூரில் வாழும் நாம் தமிழைப் போற்றுவதோடு, தமிழ் எழுதுவோரையும் போற்றுவோமாக! மலரில் மூன்று பக்கம் குறைந்தது, மனத்தில் குறையில்லை.