பழி பேட்டரி மேல், கோளாறு எர்த் வயரில்

இன்று பழைய கார் வைத்திருப்பவர்களோடு கொஞ்சம் பேசப் போகிறேன்.

2023 மார்ச்சில் பத்து பகாட், யோங் பெங் வட்டாரத்தில் வந்த வெள்ளம் நினைவிருக்கும். அப்பாவின் பழைய புரோட்டோன் சாகா அந்தத் தண்ணீரில்தான் நின்றது. காயவைத்து, எண்ணெய் மாற்றி ஓட்டினார். சில மாதத்தில் தொல்லை ஆரம்பம். ஹெட்லைட் போட்டால் வெப்பமானி முள் ஏறும். சிக்னல் போட்டால் பின்விளக்குகள் எல்லாம் சேர்ந்து மினுக்கும். பட்டறையில் பேட்டரி மாற்றினார்கள், பிறகு ஆல்டர்னேட்டர், பிறகு ஸ்டார்ட்டர். அம்மாவை வாரம் மூன்று முறை டயாலிசிஸுக்கு ஏற்றிச் செல்லும் கார் அது. ஒரு விடியற்காலை 'டக்' என்ற சத்தத்தோடு நின்றுவிட்டது. பக்கத்து வீட்டு பாக்சிக்தான் அன்று அம்மாவைக் கொண்டுபோய் விட்டார்.

கடைசியில் வயதான சீன வயர்மேன் ஒருவர் பத்தே நிமிடத்தில் கண்டுபிடித்தார். எர்த் வயர் போடியில் சேரும் இடத்தில் துரு!

வீட்டு எர்த் வேறு, கார் எர்த் வேறு. வீட்டில் அது பாதுகாப்புக்கு. காரிலோ மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பி வரும் பாதையே இரும்புப் போடிதான். எஞ்சின் ரப்பர் மவுண்டிங் மீது உட்கார்ந்திருப்பதால் அதற்குத் தனி எர்த் வயர் வேண்டும். ஸ்டார்ட் செய்யும்போது சுமார் 150 ஆம்பியர் ஓடுகிறது என்று வையுங்கள். துருவினால் 0.02 ஓம் தடை வந்தாலே 3 வோல்ட் வீண். 12 வோல்ட்டில் மிச்சம் ஒன்பது! எஞ்சினின் எர்த் வயர் அறுந்தால் மின்சாரம் ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகவும் பாயும். கேபிள் சூடேறி உருகும், சிக்கிக்கொள்ளும். எனக்குப் பயம் தந்தது இதுதான்.

சோதிப்பது சுலபம். கியரை நியூட்ரலில் வைத்து ஹேண்ட்பிரேக் போடுங்கள். மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும், மறுமுனையை எஞ்சினின் சுத்தமான இரும்பிலும் வையுங்கள். இன்னொருவர் சாவியைத் திருப்பட்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்தப் பாதையில் கோளாறு. போடியிலும் அதேபோல் பாருங்கள்.

சரிசெய்யும்போது பேட்டரியின் நெகட்டிவ் வயரை முதலில் கழற்றுங்கள். துருவையும் பெயிண்டையும் உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி முடுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள். வயரே பச்சை பூத்திருந்தால் புதிதாகப் போடுங்கள், விலை அதிகமில்லை.

பேட்டரி மாற்றச் சொன்னால், "எர்த் பார்த்தாச்சா, அண்ணே?" என்று முதலில் கேளுங்கள். அப்பா இப்போது சனிக்கிழமை தோறும் பொனட்டைத் திறந்து அந்த வயரை அசைத்துப் பார்க்கிறார். அம்மாவுக்கு அது ஒரே சிரிப்பு.