கீதம் ஒலிக்கும்போது

(ஆகஸ்ட் 15 விளையாட்டு விழாவுக்கு முந்தைய பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியது)

15-ஆம் தேதி காலை ஷட்டில் இறுதிப் போட்டிக்கு முன் தேசிய கீதம் ஒலிக்கும். அதைப் பற்றிப் பேச என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். முப்பது வருடம் பள்ளி மைதானத்தில் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திய பி.டி. மாஸ்டர் என்பதால் இருக்கும்.

ஜூலை 14 அன்று பீச் ரோட்டில் உள்ள பிரெஞ்சுப் போர் நினைவிடத்துக்குப் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். மெடல் குத்திய சொல்தா தாத்தாக்கள் நிற்பார்கள். பிரான்சின் கீதமும் ஒலிக்கும், நம் ஜன கண மனவும் ஒலிக்கும். இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் நிற்பார்கள். புதுச்சேரிக்காரர்களுக்கு அடுத்த நாட்டின் கீதத்துக்கு மரியாதை கொடுப்பது புதுப் பாடம் இல்லை.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், நம் ஹாலில் பெரிய திரை கட்டி கிரிக்கெட் பார்க்கும்போது எதிரணியின் கீதத்துக்குப் பிள்ளைகள் சிலர் 'ஊ' என்று கத்துகிறார்கள். பெரியவர்கள் சிரிக்கிறார்கள். 2001 அக்டோபர் 6 அன்று பாரிஸ் பக்கத்தில் பிரான்சும் அல்ஜீரியாவும் கால்பந்து ஆடின. அல்ஜீரியா 1962-இல் விடுதலை பெற்ற பிறகு இரு நாட்டு முதன்மை அணிகளும் மோதிய முதல் ஆட்டம் அது. (நாம் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்ததும் அதே 1962தான்.) பிரான்சின் கீதம் ஒலித்தபோது கூட்டம் சீழ்க்கை அடித்தது. கடைசியில் ஆட்கள் மைதானத்துக்குள் இறங்கி, ஆட்டம் முடியாமலே நின்றது. 2003-இல் அபராதம் விதிக்கும் சட்டம் கொண்டுவந்தார்கள். 2008-இல் துனிசியாவோடு ஆடியபோது மறுபடியும் அதே சீழ்க்கை! சட்டம் போட்டு அடக்க முடியாததை வீட்டில் அப்பா அம்மா ஒரு வார்த்தை சொல்லி அடக்கலாம்.

நம் நாட்டு விதி எளிமையானது. கீதம் பாடப்பட்டாலும் இசைக்கப்பட்டாலும் எழுந்து அட்டென்ஷனில் நிற்க வேண்டும். முழுப் பாட்டுக்குச் சுமார் 52 விநாடி. நெஞ்சில் கை வைப்பது அமெரிக்க வழக்கம்; நம் விதி அதைக் கேட்கவில்லை. ராக்கெட்டைக் கீழே வைத்துவிடுங்கள், செல்போனைப் பையில் போடுங்கள். வீடியோ எடுக்க ஒருவர் போதும்.

பாடத்தான் வேண்டுமா என்று கேட்கிறார்கள். பாடினால் நல்லது. பாடாதவரை முறைக்க வேண்டாம். கேரளத்தில் மூன்று பிள்ளைகள் தங்கள் மத நம்பிக்கையால் பாடாமல், ஆனால் மரியாதையாக எழுந்து நின்றார்கள். பள்ளி அவர்களை வெளியேற்றியது. 1986-இல் உச்ச நீதிமன்றம், எழுந்து நின்றதே மரியாதை, பாடச் சொல்லிக் கட்டாயப்படுத்தச் சட்டம் இல்லை என்று சொல்லி அவர்களைத் திரும்பச் சேர்க்க உத்தரவிட்டது. ஸ்பெயின் அணியைப் பாருங்கள், அவர்கள் கீதத்துக்கு அதிகாரப்பூர்வமான வரிகளே கிடையாது. வாய் திறக்காமல் நின்றுதான் உலகக் கோப்பை ஜெயித்தார்கள்.

நிற்க முடியாதவர் விஷயத்துக்கு வருகிறேன். போன வருடம் ஒரு பெரியவர் நாற்காலியை விட்டு எழவில்லை. முழங்கால் ஆபரேஷன் முடிந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு தம்பி, "எழுந்திருங்க சார், மரியாதை இல்லையா?" என்று எல்லோர் முன்னாலும் அதட்டினார். அந்தப் பெரியவர் அதற்குப் பிறகு நம் எந்த விழாவுக்கும் கீழே இறங்கி வரவில்லை. கேரம் போர்டில் அவருக்கு இணை இன்னும் யாரும் இல்லை.

இது நம் கட்டடத்தில் மட்டும் நடப்பதும் இல்லை. 2016-இல் கோவாவின் பணஜியில், சக்கர நாற்காலி டென்னிஸ் ஆடியவரும் எழுத்தாளருமான சலீல் சதுர்வேதி, ஒரு திரையரங்கில் கீதத்துக்கு எழவில்லை என்று தாக்கப்பட்டார். முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டவர் எப்படி எழுவார்? அதே ஆண்டு நவம்பரில் திரையரங்குகளில் கீதத்தைக் கட்டாயமாக்கிய உச்ச நீதிமன்றம், டிசம்பரிலேயே மாற்றுத்திறனாளிகள் நிற்க வேண்டியதில்லை என்று விளக்கம் சொன்னது. 2018 ஜனவரியில் திரையரங்கில் கீதம் போடுவதே கட்டாயமில்லை என்று ஆனது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1971-ஆம் ஆண்டுச் சட்டம் மூன்று வருடம் வரை சிறை என்று சொல்வது, வேண்டுமென்றே கீதத்தைப் பாடவிடாமல் தடுப்பவருக்கும், பாடும் கூட்டத்தில் இடையூறு செய்பவருக்கும். பாட்டின் நடுவே பக்கத்து ஆளை அதட்டுகிறவர் அந்த வரிக்கு எவ்வளவு கிட்டே நிற்கிறார் என்று யோசித்துப் பாருங்கள். அந்தத் தம்பியிடம் பேசினேன். நல்ல பிள்ளை. 15-ஆம் தேதி அவரே மேலே போய்ப் பெரியவரை லிஃப்டில் அழைத்து வருகிறேன் என்றார். முதல் வரிசை நாற்காலிகள் நிற்க முடியாதவர்களுக்கு. காரணம் யாரும் கேட்க வேண்டாம். எல்லா வலியும் வெளியே தெரியாது.

கடைசியாக ஸ்பீக்கர் பொறுப்பாளர்களுக்கு. பாட்டை முன்கூட்டியே டவுன்லோடு செய்து வையுங்கள். யூடியூபில் நேராகப் போட்டால் நடுவில் சோப்பு விளம்பரம் வரும். 2025 பிப்ரவரியில் லாகூரில் இங்கிலாந்து – ஆஸ்திரேலியா ஆட்டத்துக்கு முன் நம் கீதம் தவறுதலாகச் சில விநாடி ஒலித்தது. அவ்வளவு பெரிய போட்டியிலேயே அப்படி. தமிழ்த்தாய் வாழ்த்தையும் பார்த்துப் போடுங்கள். புதுச்சேரிக்கு நம்ம பாரதிதாசன் எழுதியது. மனோன்மணீயப் பாட்டு தமிழ்நாட்டுக்கு. 14-ஆம் தேதி மாலை ஆறு மணிக்கு ஸ்பீக்கரைப் போட்டுப் பார்க்கிறோம். வயர் பிடிக்க இரண்டு பிள்ளைகள் வந்தால் போதும்.