பாசன நீரைச் சோதித்துப் பாய்ச்சுவோம்

(உழவர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)

விதைக்கும் முன் விதையின் முளைப்புத் திறனைப் பார்க்கிறோம். உரமிடும் முன் மண்ணைச் சோதிக்கிறோம். பாய்ச்சும் நீரை மட்டும் கண்ணால் பார்த்து, ஒரு வாய் குடித்துப் பார்ப்பதோடு விட்டுவிடுகிறோம். தண்ணீர் தெளிவாக இருந்தால் நல்ல தண்ணீர் என்பது நம் எண்ணம். ஆறும் குளமும் கிணறும் மாசுபடும் இந்நாளில் இது போதாது. நீர் கெட்டதை நாம் உணரும் முன்பே நிலம் கெட்டுவிடுகிறது.

நொய்யல் தரும் பாடம்

வெள்ளியங்கிரி மலையில் தோன்றி, கோவை, திருப்பூர் வழியாக ஓடி, கரூர் மாவட்டத்தில் காவிரியோடு கலக்கிறது நொய்யல். சென்னிமலைக்கு அருகே ஒரத்துப்பாளையத்தில் இவ்வாற்றின் குறுக்கே கட்டிய அணை 1992-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. பாசனம் அளிப்பதே நோக்கம். அதே காலத்தில் திருப்பூரில் பின்னலாடைத் தொழிலும் பெருகியது. பருத்தித் துணியில் சாயம் பிடிப்பதற்கு நிறைய உப்பு சேர்க்கிறார்கள். அந்த உப்பு துணியில் தங்குவதில்லை. கழிவுநீரோடு வெளியேறி ஆற்றில் சேர்ந்தது, அணையில் தேங்கியது. சில ஆண்டுகளுக்குள், தண்ணீர் கேட்டு நிற்க வேண்டிய ஆயக்கட்டு உழவர்களே, அணையைத் திறக்க வேண்டாம் என்று கேட்கும் நிலை வந்தது.

அவர்கள் நீதிமன்றம் சென்று நெடுநாள் போராடினார்கள். கழிவுநீரைச் சிறிதும் வெளியே விடாத முறைக்கு மாறாத சாய ஆலைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் ஆணையிட்டது. பாலாற்றுப் பகுதியில் தோல் பதனிடும் ஆலைகளால் நிலமும் கிணறும் கெட்ட வழக்கில், மாசு செய்தவரே அதற்கு ஈடு செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்தது. தீர்ப்புகள் வந்தன. ஆனால் நிலத்தடியில் இறங்கிய உப்பைத் தீர்ப்பினால் வெளியே எடுக்க முடியாது. அதற்குப் பல மழைக்காலங்கள் வேண்டும்.

மாசு வரும் வழிகள்

ஆலைக் கழிவு ஒரு வழி. சாய ஆலையிலிருந்து உப்பும் சாயமும், தோல் ஆலையிலிருந்து உப்பும் குரோமியமும் வருகின்றன. கழிவுநீரில் நிறத்தை நீக்குவது எளிது. உப்பை நீக்குவது கடினம். ஆகவே நிறமற்ற நீரெல்லாம் நல்ல நீர் அல்ல.

நகரச் சாக்கடை இரண்டாவது வழி. இதில் தழைச்சத்து மிகுதி. நெல் கருகருவென்று வளர்ந்து, பூச்சி நோய்க்கு ஆளாகி, கதிர் முற்றும் நேரத்தில் சாய்ந்துவிடும். நோய்க் கிருமிகளும் இருப்பதால், பச்சையாக உண்ணும் கீரை, காய்களுக்கு இந்நீர் ஆகாது.

மூன்றாவது வழி நம் வயலிலிருந்தே தொடங்குகிறது. அளவுக்கு மீறி இட்ட யூரியா கரைந்து நைட்ரேட்டாகக் கிணற்றில் இறங்குகிறது. குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் கைக்குழந்தைகளுக்கு ஆபத்து. மருந்து தெளித்த கருவியை வாய்க்காலில் கழுவுவதும், காலி டப்பாக்களைக் குளத்தில் எறிவதும் நாமே செய்யும் கேடுகள்.

உப்பின் கணக்கு

ஒரு ஏக்கரில் 5 சென்டிமீட்டர் உயரத்திற்கு ஒரு தண்ணீர் கட்டினால் ஏறத்தாழ 2 இலட்சம் லிட்டர் ஆகிறது. லிட்டருக்கு 2 கிராம் உப்புள்ள நீரைப் பாய்ச்சினால், அந்த ஒரே பாசனத்தில் 400 கிலோ உப்பு வயலில் இறங்குகிறது. வெயிலில் நீர் ஆவியாகிவிடும். பயிரும் நீரைத்தான் உறிஞ்சும். பெரும்பகுதி உப்பு மண்ணிலேயே தங்கிவிடும். பத்துத் தண்ணீர் கட்டினால் 4 டன். மணற்பாங்கான நிலத்தில் நல்ல மழை இதைக் கழுவி இறக்கும். வடிகால் இல்லாத களிமண் நிலத்தில் உப்பு மேலேயே தங்கி வெண்மையாகப் பூக்கும். அது உவர் நிலம். சோடியம் மிகுந்த நீரானால் மண் இறுகி, நீர் இறங்காமல், களர் நிலமாகும்.

குளத்தில் வேறு அறிகுறி தெரியும். சாக்கடைக் கழிவு மட்கும்போது நீரில் கரைந்துள்ள பிராணவாயுவைத் தின்றுவிடுகிறது. விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூச்சுக்குத் தவித்தால், குளம் கெட்டு வருகிறது என்று பொருள். ஆகாயத்தாமரை மூடிய குளமும் சத்துக் கழிவு மிகுந்த குளமே.

மாதிரி எடுக்கும் முறை

கிணற்று நீர் என்றால் மோட்டாரை 15 முதல் 20 நிமிடம் ஓடவிட்டுப் பிறகு பிடிக்க வேண்டும். ஒரு லிட்டர் பிளாஸ்டிக் புட்டி போதும். எண்ணெயோ மருந்தோ இருந்த புட்டி கூடாது. அதே நீரால் மூன்று முறை அலசி, விளிம்புவரை நிரப்பி மூடவும். பெயர், ஊர், புல எண், தேதி, பயிர் ஆகியவற்றை எழுதி ஒட்டவும். ஓரிரு நாளில் மண் மற்றும் நீர் பரிசோதனை நிலையத்தில் சேர்க்கவும்.

ஆற்று நீர் என்றால் கழிவு கலக்கும் இடத்திற்கு மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு மாதிரிகள் வேண்டும். இரண்டையும் ஒப்பிட்டால்தான் மாசு எங்கே சேர்கிறது என்று தெரியும். கோடையில் ஒரு முறை, வடகிழக்குப் பருவமழை முடிந்து தை மாதத்தில் ஒரு முறை எனச் சோதிப்பது நல்லது.

முடிவைப் படிப்பது எப்படி?

உப்பின் அளவைக் காட்டுவது மின் கடத்துதிறன். இதன் அளவை டெசிசைமன். பழைய அறிக்கைகளில் மில்லிமோ என்றிருக்கும், இரண்டும் ஒன்றே. 0.75-க்குள் இருந்தால் பெரும்பாலான பயிர்களுக்கு நல்ல நீர். 0.75 முதல் 2.25 வரை வடிகாலுள்ள நிலத்தில் கவனத்துடன் பயன்படுத்தலாம். அதற்கு மேல் உப்பைத் தாங்கும் பயிருக்கு மட்டுமே. கார அமில நிலை 6.5 முதல் 8.4 வரை இருக்கலாம். எஞ்சிய சோடியம் கார்பனேட் 1.25-க்குள் இருந்தால் பயமில்லை, 2.5-ஐத் தாண்டினால் அப்படியே பாய்ச்சக் கூடாது.

நீர் கெட்டிருந்தால்

நல்ல நீர் கிடைத்தால் கலந்து பாய்ச்சுங்கள். வடிகால் அமையுங்கள். தொழு உரம் இட்டு, தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுங்கள். களர்த் தன்மைக்குப் பரிசோதனை நிலையம் சொல்லும் அளவில் ஜிப்சம் இடுங்கள். சின்ன வெங்காயமும் பயறு வகைகளும் உப்பைத் தாங்கா. பருத்தி ஓரளவு தாங்கும். களர் நிலத்திற்குத் திருச்சி 1 போன்ற நெல் இரகங்கள் உள்ளன. ஆனால் குரோமியம் போன்ற உலோகங்கள் கலந்த நீருக்கு ஜிப்சம் மருந்தல்ல. அந்நீரைப் பாய்ச்சுவதை நிறுத்துவதே வழி.

ஆலைக் கழிவு என்று ஐயம் எழுந்தால், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் எழுத்தில் மனுக் கொடுத்து ஒப்புகை பெறுங்கள். வழக்கிற்கு உதவும் மாதிரியை, 1974-ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டப்படி, வாரிய அலுவலரே எடுத்து முத்திரையிட வேண்டும். நீங்கள் எடுத்த மாதிரி நீதிமன்றச் சான்றாகாது. ஆனால் அதிகாரியை உங்கள் கிணற்றடிக்கு வரவழைக்க அதுவே வலுவான காரணமாகும்.

ஆகவே ஒவ்வோர் அறிக்கையையும் தேதி வாரியாக ஒரு நோட்டில் ஒட்டி வையுங்கள். ஒரே ஒரு முடிவு இன்றைய நிலையை மட்டும் சொல்லும். ஐந்து ஆண்டு முடிவுகள், உங்கள் கிணறு எந்தத் திசையில் போகிறது என்று சொல்லிவிடும். ஒரே வாய்க்காலில் பாயும் பத்துப் பேர் சேர்ந்து இதைச் செய்தால், கேடு முற்றும் முன்பே கேட்க உங்களுக்கு வாய் இருக்கும், காட்டக் கையில் கணக்கும் இருக்கும்.